மொட்டை மாடி லைட்டும் ஒரு ஆறுமணிக்குருவியும்: ஒரு அக்டோபர் மாச நிகழ்வு ஆய்வு

பின்னணி

இடம் சென்னைக்குத் தெற்க, தாம்பரம் தாண்டி ஒரு அபார்ட்மென்ட். நாலு மாடி, 32 வீடு. முன்னாடி மெயின் ரோடு. பின்னாடி காம்பவுண்ட் சுவரை ஒட்டி ஏழெட்டு கிரவுண்டு காலி மனை, ஓனர் வெளிநாட்டுல, வருஷக்கணக்கா யாரும் உள்ள கால் வைக்கல. அதனாலயே அங்க ரெண்டு பெரிய புங்கமரம், ஒரு வேம்பு, நுணா, வயசான ஒரு அழிஞ்சில், கீழ காரையும் உண்ணிச்செடியும் பின்னிக்கிட்டு ஆள் நுழைய முடியாத புதர், புதருக்கு அடியில கணுக்கால் முங்குற அளவு சருகு. அபார்ட்மென்ட்ல எல்லாரும் அதை "குப்பைக்காடு"ன்னுதான் சொல்லுவாங்க, இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேலைக்கு ஆகும்.

இன்னொரு விஷயமும் சொல்லிடணும். அந்த வருஷம் கோடையில மொட்டை மாடில இருந்து காப்பர் பைப் திருடு போச்சுன்னு அசோசியேஷன்ல ரெண்டு ஃப்ளட் லைட் போட்டாங்க, ராத்திரி பூரா வானத்தைப் பார்த்த மாதிரி எரியும்.

நான் பக்கத்துத் தெருவுல இருக்கேன், பல வருஷமா பறவை பார்க்கிறவன். டாக்டர் இல்ல, வனத்துறை ஆளும் இல்ல, அதனால இதுல நான் எடுத்த முடிவெல்லாம் சரின்னு சொல்ல வரல. ஆனா ஒவ்வொரு செப்டம்பர் கடைசிலயும் அக்டோபர்லயும் எனக்கு ஒரே மாதிரி போட்டோ வருது, யாரோ ஒருத்தர் உள்ளங்கைல கலர் கலரா ஒரு குட்டைவால் பறவை, கீழ "இதுக்கு என்ன குடுக்கணும்"னு ஒரு கேள்வி. ஒரு தடவை ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் நடந்ததை எழுதி வச்சா அனுப்பி விடலாமேன்னுதான் இது.

பறவை ஆறுமணிக்குருவி, தோட்டக்கள்ளன்னும் சொல்லுவாங்க. காலைல ஆறு மணி, சாயங்காலம் ஆறு மணி வாக்குல தலையைப் பின்னால சாய்ச்சு ரெண்டு ஸ்வரத்துல ஒரு விசில் அடிக்கும், அதுல வந்த பேரு. இந்திக்காரங்க நவரங்ன்னு சொல்றாங்க, ஒன்பது நிறம். பிட்டான்னு உலகம் பூரா புழங்குற பேரு தெலுங்கு பிட்டவுல இருந்து போனது, அங்க அதுக்கு சின்னப் பறவைன்னுதான் அர்த்தம். இமயமலை அடிவாரத்துல இருந்து மத்திய இந்தியா, கர்நாடகா பக்க மேற்குத்தொடர்ச்சி மலை வரைக்கும் உள்ள காடுகள்ல மழைக்காலத்துல கூடு கட்டி குஞ்சு பொரிச்சிட்டு, குளிர்காலத்துக்கு தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும். பயணம் ராத்திரியில. நம்ம கிழக்குக் கரையோரமா மிச்சம் இருக்கிற வறண்ட பசுமைமாறாக் காட்டுத் துண்டு, கோயில்காடு, கிண்டி மாதிரி இடம், பழைய பெரிய தோட்டம் இதெல்லாம் அதுக்கு குளிர்கால வீடு. அதாவது அந்த அபார்ட்மென்ட்காரங்க நினைச்ச மாதிரி அது வழி தவறி வந்த வெளிநாட்டுப் பறவை இல்ல, வர வேண்டிய இடத்துக்குத்தான் வந்துச்சு, கடைசி நூறு அடியில மாட்டிக்கிச்சு.

காலைல நடந்தது

அக்டோபர் முதல் வாரம், முந்தின ராத்திரி விட்டு விட்டு தூறல், மேகம் நல்லா கீழ இறங்கி இருந்துச்சு. மூணாவது மாடியில இருக்கிற அக்கா அஞ்சே கால் வாக்குல எழுந்து அடுப்படி லைட் போட்டிருக்காங்க, கொஞ்ச நேரத்துல பால்கனி கண்ணாடிக் கதவுல டொப்புன்னு ஒரு சத்தம், தேங்காய் விழுந்த மாதிரி இருந்துச்சுன்னு சொன்னாங்க. போய்ப் பார்த்தா வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி சுருண்டு கிடக்கு.

அடுத்த ரெண்டு மணி நேரம் அந்த வீட்டுல நடந்ததை குறை சொல்றதுக்காக எழுதல. எல்லாரும் நல்ல மனசோட பண்ணதுதான், யார் வீட்டுல நடந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். அக்கா துண்டுல எடுத்து ஹால்ல ஃபேனுக்குக் கீழ வச்சு, மேல துணிக்கூடையைக் கவுத்துட்டாங்க. எட்டாவது படிக்கிற பையன் இங்க் ஃபில்லர்ல தண்ணி எடுத்து அலகைப் பிரிச்சு மூணு தடவை ஊத்தியிருக்கான். அக்காவோட மாமனார் நீலத்தைப் பார்த்ததும் மீன்கொத்தின்னு முடிவு பண்ணிட்டார், ஃப்ரிட்ஜ்ல இருந்த நெத்திலியைக் கழுவி ஒரு மூடியில வச்சு கூடைக்குள்ள தள்ளியாச்சு. பையன் வீடியோ எடுத்து அபார்ட்மென்ட் குரூப்ல போட்டதும் ஏழு மணிக்குள்ள பத்து பதினோரு பேர் வந்து பார்த்துட்டுப் போயிட்டாங்க, அதுல ஒருத்தர் எங்கிட்ட பழைய லவ் பேர்ட்ஸ் கூண்டு இருக்கு நான் வளர்த்துக்கிறேன்னு சொல்ல, அக்காவுக்கு அங்கதான் சந்தேகம் வந்து எனக்கு போன். "தம்பி, கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா, மீன் வச்சா திங்க மாட்டேங்குது."

நான் போனப்ப பார்த்தது

ஏழரைக்குப் போனேன். ஃபேன் ஓடுது, டிவி ஓடுது, கூடையைச் சுத்தி நாலு பேர். முதல்ல ஃபேனை நிறுத்தச் சொன்னேன், அந்தப் பறவை திடீர்னு எழும்பியிருந்தா நேரா ஃபேன் றெக்கையிலதான் போய் அடிச்சிருக்கும்.

கூடைக்குள்ள இறகெல்லாம் சிலிர்த்து உருண்டையா உட்கார்ந்திருந்துச்சு. கண் பாதி மூடி மூடித் திறக்குது, அலகு லேசா திறந்தபடி. மூக்குத் துவாரத்துல ஒரு சொட்டு தண்ணி பளபளன்னு நின்னுச்சு, எனக்கு பயமே அதைப் பார்த்துத்தான். பக்கத்துல கை கொண்டு போனேன், நகரல. காட்டுப் பறவை மனுசன் கைக்கு விலகலன்னா அது சாதுன்னு அர்த்தம் இல்ல, சரியான நிலையில இல்லன்னு அர்த்தம்.

துணியால மூடி எடுத்தப்ப ஒரு கோழிமுட்டை கனம்தான் இருந்துச்சு. விரல்ல நெஞ்செலும்பு கத்தி முனை மாதிரி தட்டுப்பட்டுச்சு, ரெண்டு பக்கமும் சதை வத்திப் போயிருந்துச்சு, ராத்திரி ராத்திரியா பறந்து வந்ததுல எரிஞ்சு போன சதை. றெக்கை ரெண்டும் ஒரே மட்டத்துல இருந்துச்சு, ஒண்ணும் தொங்கல. ரெண்டு கால் விரல்களும் துணியை இறுக்கிப் பிடிச்சுச்சு. ரத்தம் எங்கயும் இல்ல.

அப்பதான் பையன் "அங்கிள், இது மீன்கொத்தி இல்லயா"ன்னு கேட்டான். மீன்கொத்திக்கு அலகு நீளம், கால் இருக்கிறதே தெரியாத அளவு குட்டை. இதுக்கு நேர் தலைகீழ், அலகு தடியா குட்டையா, கால் ரோஸ் கலர்ல நீளமா, ஏன்னா தரையில தத்தித் தத்தி நடந்து பொழைக்கிற பறவை. வால் வெட்டி விட்ட மாதிரி. முதுகு பச்சை, தோள்ல மட்டும் ஒரு நீலத்திட்டு மினுக்குது, தொண்டை வெள்ளை, வயிறு சந்தனக் கலர், உச்சந்தலையில வெளிர் பழுப்புக்கு நடுவுல ஒரு கருப்பு வகிடு, கண் வழியா அகலமா மை இழுத்த மாதிரி ஒரு கருப்புப் பட்டை. வாலுக்கு அடியில திருப்பினப்பதான் அந்தச் சிவப்பு தெரிஞ்சுது, நல்ல குங்குமச் சிவப்பு, அக்கா "ஐயோ அடிபட்டு ரத்தம்"னு பதறிட்டாங்க. இல்லக்கா அது கலரே அப்படித்தான்னு சொல்லி ஊதிக் காட்டினேன்.

எடுத்த முடிவும் அதுக்குக் காரணமும்

ஒரு செருப்பு டப்பா வாங்கி, பேனாவால பக்கவாட்டுல ஓட்டை போட்டு, உள்ள பழைய பருத்தி வேட்டித் துணி விரிச்சோம். டர்க்கி டவல் வேண்டாம்னேன், அந்த நூல் வளையத்துல நகம் மாட்டிக்கும். பறவையை வச்சு மூடி, ஃபேன் இல்லாத பூஜை ரூம் மூலையில வச்சு கதவைச் சாத்தியாச்சு. இருட்டு அதுக்கு தண்டனை இல்ல, மருந்து. கண்ணாடியில மோதின பறவைக்கு மண்டையில அதிர்ச்சி, வெளிச்சமும் சத்தமும் முகமும் தெரிஞ்சா பயத்துலயே இருக்கிற கொஞ்ச சக்தியும் போயிடும்.

தண்ணியும் சாப்பாடும் கிடையாதுன்னு சொன்னேன், இதுக்குத்தான் வீட்டுல எதிர்ப்பு. "வாயில்லா ஜீவன், ஒரு சொட்டு தண்ணி கூடவா"ன்னு பெரியவர் கேட்டார். பறவைக்கு மூச்சுக்குழாய் வாய் நாக்குக்குப் பின்னாலயே திறந்திருக்கும், நாம அலகைப் பிரிச்சு ஊத்துற தண்ணி நேரா நுரையீரலுக்குப் போக நிறைய வாய்ப்பு, மூக்குல நின்ன சொட்டு அதுக்கு சாட்சி. அதுவா குடிக்கிற தெம்பு வந்தா அது வெளிய போய் குடிச்சுக்கும். நெத்திலியை எடுத்துப் போட்டாச்சு (கீழ பூனைக்குப் போச்சு, அந்தப் பூனை இந்தக் கதையில மறுபடியும் வரும்).

கூண்டு கொண்டு வரேன்னவர்கிட்ட நேராவே சொன்னேன், இது 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள வர்ற பறவை, வீட்டுல வச்சு வளர்க்கக் கூடாது. அவர் கோவிச்சுக்கிட்டாரா தெரியல, அப்புறம் அந்தப் பக்கம் வரல.

வனத்துறை ஆபீசுக்கு அக்கா போன்லயே பேசினோம். பறக்குற நிலைக்கு வந்துச்சுன்னா மரம் இருக்கிற பக்கமா விட்டுடுங்க, இல்லன்னா கொண்டு வந்து குடுங்கன்னாங்க. நானா ஒரு கெடு வச்சுக்கிட்டேன், சாயங்காலம் நாலு மணிக்குள்ள ரெண்டு கால்ல நேரா நிக்கலன்னா நேரா அங்க கொண்டு போறதுன்னு. கெடு வைக்காம "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்"னு இருந்து ரெண்டு நாள்ல செத்துப் போன பறவைக் கதை எனக்குத் தெரியும்.

பத்தேகால் மணிக்கு நடந்த தப்பு

நான் ஆபீஸ் கால் இருக்குன்னு வீட்டுக்கு வந்துட்டேன், நான் வர்ற வரைக்கும் திறக்காதீங்கன்னு அக்காகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். அக்கா பத்து மணிக்கு கடைக்குப் போயிட்டாங்க. பெரியவர் பூஜை ரூமுக்குப் போனப்ப டப்பாவுக்குள்ள டக் டக்குன்னு கால் சத்தம் கேட்டிருக்கு. பாவம் எழுந்திருச்சு, மூச்சு முட்டும், பகவான் விட்ட உயிர், பறந்து போகட்டும்னு டப்பாவை எடுத்துக்கிட்டு மொட்டை மாடிக்குப் போய் கைப்பிடிச் சுவர் மேல வச்சுத் திறந்துட்டார்.

பறவை பறந்துச்சு, ஒரு பதினஞ்சு அடி. அதுக்குள்ள காக்கா. முதல்ல ரெண்டு, கத்தின சத்தத்துக்கு அஞ்சாறு. நம்ம ஊரு காக்காவுக்கு புதுசா ஒரு பறவை பட்டப்பகல்ல திறந்த வெளில தடுமாறினா போதும். ரெண்டு கொத்து வாங்கிட்டு தண்ணி டேங்க் ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற சந்துல விழுந்திருக்கு. சத்தம் கேட்டு கீழ இருந்து செக்யூரிட்டி அண்ணன் கம்போட ஓடி வந்து காக்காவை விரட்ட, பையன் டேங்குக்கு அடியில படுத்துக்கிட்டே கை விட்டு எடுத்திருக்கான், அன்னிக்கு ஸ்கூல் லீவா இருந்தது அந்தப் பறவையோட நல்ல நேரம்.

முதுகுல கொஞ்சம் பச்சை இறகு போச்சு, தோல் கிழியல. மறுபடியும் டப்பா, மறுபடியும் இருட்டு.

பெரியவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரல. அவர் கேட்ட கேள்விக்கு நான் காலைல பதில் சொன்னது அக்காவைப் பார்த்து, அவரைப் பார்த்து இல்ல. திறக்காதீங்கன்னு சொன்னேனே தவிர ஏன்னு சொல்லல, காக்காவைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. வீட்டுல இருக்கிறதுலயே பகல் பூரா அங்க இருக்கப் போறவர் அவர்தான், அவர்கிட்டதான் முதல்ல உட்கார்ந்து பேசியிருக்கணும்.

எங்க விடுறது, எப்ப விடுறது

நாலு மணிக்கு மூடியை ஒரு விரக்கடை தூக்கிப் பார்த்தேன். நேரா நின்னுச்சு, கண் முழுசா திறந்து, வாலை மெதுவா மேலயும் கீழயும் ஆட்டிக்கிட்டு இருந்துச்சு, இது நல்லா இருக்கிற ஆறுமணிக்குருவி பண்றது. துணியில வெள்ளையா ரெண்டு எச்சம். பாத்ரூம் ஜன்னலை துணியால மறைச்சு, டாய்லெட் மூடியைச் சாத்தி, வாளித் தண்ணியைக் கொட்டிட்டு, உள்ள விட்டுப் பார்த்தோம். தரையில இருந்து வாளி விளிம்பு, அங்கேருந்து துணி போடுற கம்பி, ரெண்டு றெக்கையும் ஒரே வீச்சு, அந்த வீச்சுல ஒரு வெள்ளைத் திட்டு பளிச்சுன்னு தெரிஞ்சுது. போதும்னு நிறுத்திட்டோம்.

எங்க விடுறதுன்னு மூணு யோசனை வந்துச்சு. கிண்டி நேஷனல் பார்க்குன்னு அக்கா, நன்மங்கலம் காடுன்னு பையன், மறுபடியும் மொட்டை மாடின்னு யாரோ. கிண்டி நல்ல இடம்தான், 2.7 சதுர கிலோமீட்டர் காடு, வருஷா வருஷம் இந்தப் பறவை வர்ற இடம், ஆனா தேசியப் பூங்காவுக்குள்ள நாமளா போய் ஒரு உயிரை விட்டுட்டு வர முடியாது, அதோட சாயங்கால டிராஃபிக்ல டப்பாவுக்குள்ள ஒன்றரை மணி நேரம் ஆட்டிக்கிட்டே போகணும். நன்மங்கலத்துக்கும் பாதி அதே பதில். நான் பால்கனில நின்னு கீழ காட்டினேன், "இதோ இருக்கே". எல்லாரும் ஒரு நிமிஷம் பேசல. பெரியவர்தான், "இந்தக் குப்பையிலயா"ன்னு கேட்டார்.

அந்தக் குப்பைதான். மண்புழு, மரவட்டை, கரையான், சின்ன நத்தை, எறும்பு, பூரான், இதுங்கதான் அதோட சாப்பாடு, அதெல்லாம் இருக்கிறது ஈரச் சருகுக்கு அடியில. மேல நிழல், பக்கத்துல புதர். அந்தப் பறவை ராத்திரி மேல இருந்து தேடி இறங்கினதே அந்த இருட்டுத் துண்டைப் பார்த்துத்தான்னு என் யூகம், நடுவுல ஃப்ளட் லைட்டும் கண்ணாடியும் மாட்டிக்கிச்சு. மேகம் தாழ்ந்த ராத்திரியில வெளிச்சம் ராத்திரிப் பயணப் பறவைகளைக் குழப்பி இழுக்கும்ங்கிறது யூகம் இல்ல, உலகம் பூரா தெரிஞ்ச விஷயம்.

நேரம் அஞ்சு இருபது. காக்கா கூட்டம் கூட்டமா அடைய கிளம்பிடும், ஆனா பறவை புதருக்குள்ள ஒரு மறைவு தேடிக்கிற அளவு வெளிச்சம் இருக்கும். இது எல்லாப் பறவைக்கும் பொருந்துற நேரம் இல்ல. ஒரே ஆபத்து பார்க்கிங்ல சுத்துற ரெண்டு பூனை. அதுக்கு செக்யூரிட்டி அண்ணன் ஒரு வழி சொன்னார், முன் கேட்டுகிட்ட மிச்ச நெத்திலியைப் போட்டு ரெண்டையும் அங்கயே உட்கார வச்சுட்டார்.

சுவர் இடிஞ்ச இடம் வழியா நானும் பையனும் மட்டும் போனோம். புதர் ஓரத்துல டப்பாவைப் படுக்க வச்சு மூடியை எடுத்துட்டுப் பின்னால வந்து நின்னோம். தூக்கிப் போடல, காத்துல வீசல. நாலு நிமிஷம் ஒண்ணும் நடக்கல, பையன் என் சட்டையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருந்தான். அப்புறம் வெளிய ஒரு தத்து. நின்னு தலையைச் சாய்ச்சுப் பார்த்துச்சு. இன்னும் ரெண்டு தத்து, அலகால ஒரு சருகைப் புரட்டி அந்தப் பக்கம் போட்டுச்சு. அடுத்த தத்துல காணோம், அவ்வளவு கலரும் அந்தச் சருகு நிழல்ல எங்க போச்சுன்னு ரெண்டு பேராலயும் சொல்ல முடியல.

அதுக்கப்புறம்

மூணாவது நாள் சாயங்காலம் அஞ்சு ஐம்பதுக்கு மாடிப்படி ஜன்னல் வழியா அந்த ரெண்டு ஸ்வர விசில் கேட்டுச்சு. பையன் போன்ல ரெக்கார்ட் பண்ணி அனுப்பினான், பின்னால குக்கர் சத்தமும் சேர்ந்து. அதே பறவைதானான்னு கேட்டா சொல்ல முடியாது, கால்ல வளையம் எதுவும் இல்ல, அந்தப் புதர்ல ஏற்கனவே இன்னொண்ணு இருந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. ஒரு தடவை மட்டும் நல்லாத் தெரிஞ்சுது, முதுகுல இறகு போன இடம் மாதிரி ஒரு சொட்டை, ஆனா நான் பார்க்கணும்னு நினைச்சுப் பார்த்ததால அப்படித் தெரிஞ்சிருக்கலாம்.

நவம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை மாடிப்படியில உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பார்த்தேன். ஒரே பத்தடி இடத்துல சுத்திச் சுத்தி வருது, சருகைப் புரட்டுது, காது குடுத்த மாதிரி நிக்குது, ஒரு மண்புழுவை ரப்பர் பேண்ட் மாதிரி இழுத்து நாலா அடிச்சு விழுங்குது.

அந்த மாசக் கடைசிலதான் பிரச்சனை வந்துச்சு. மழை, கொசு, பக்கத்து பிளாக்ல ஒரு குழந்தைக்கு டெங்கு. அசோசியேஷன் மீட்டிங்ல ஓனர்கிட்ட பர்மிஷன் வாங்கி பின்மனையைச் சுத்தமா வழிச்சு எடுத்து சருகை எரிச்சிடலாம்னு பேச்சு. பாம்பு பயமும் சேர்ந்துக்கிச்சு. ரெண்டு பயமும் நியாயம், குருவிக்காக குழந்தையை விட்டுடலாமான்னு ஒருத்தர் கேட்டது எனக்கு இன்னிக்கும் காதுல இருக்கு.

நான் அந்த அபார்ட்மென்ட் ஆள் இல்ல, மீட்டிங்ல பேசினது அக்காவும், ஆச்சரியமா பெரியவரும். முந்தின நாள் நாங்க மூணு பேரும் மனைக்குள்ள ஒரு சுத்து போய் எடுத்த போட்டோவைக் காட்டினாங்க: ஒரு பழைய டயர், உடைஞ்ச சிங்க், ஏழெட்டு பெயின்ட் டப்பா, தேங்காய்ச் சிரட்டை, கணக்கில்லாத பிளாஸ்டிக் கப், எல்லாத்துலயும் மழைத்தண்ணி. டெங்கு கொசு முட்டை போடுறது இந்த மாதிரி தேங்கின தண்ணியில. எல்லாமே நம்ம பால்கனில இருந்து விழுந்தது, குருவி கொண்டு வந்தது இல்லன்னு பெரியவர் சொன்னாராம். எரிக்கிறதுக்கு அப்ப இருந்த 2016 திடக்கழிவு மேலாண்மை விதியே தடை போடுதுன்னு செகரட்டரியே எடுத்துக் குடுத்தார்.

முடிவு பாதிக்குப் பாதிதான். தண்ணி தேங்குற பொருள் எல்லாம் எடுத்தாச்சு, ரெண்டு டிராக்டர் லோடு. சுவரை ஒட்டி ஆறடி அகலத்துக்கு செடி சருகு எல்லாம் வழிச்சாச்சு, அது பாம்பு பயத்துக்கு. அதுக்கு அந்தப் பக்கம் தொடல, எரிக்கல. ஃப்ளட் லைட்டைத் திருட்டு பயத்துல முழுசா அணைக்க ஒத்துக்கல, தரையைப் பார்த்துத் திருப்பி, செப்டம்பர் கடைசில இருந்து நவம்பர் வரைக்கும் ராத்திரி 11 மணிக்கு மேல ஒண்ணு மட்டும்னு ஆச்சு. விசில் சத்தம் மார்ச் பூரா கேட்டுச்சு, ஏப்ரல் ரெண்டாவது வாரத்தோட நின்னு போச்சு, வடக்க கிளம்பியிருக்கும்.

மறுபடி நடந்தா என்ன மாத்துவோம்

முதல் போன்லயே, நான் கிளம்பி வர்றதுக்கு முன்னாடியே, ஃபேனை நிறுத்துங்க, டப்பாவுல வச்சு மூடுங்க, வாயில எதுவும் ஊத்தாதீங்க, குரூப்ல போடாதீங்கன்னு நாலு வார்த்தை சொல்லியிருந்தா அந்தக் கூடை, கூட்டம் எதுவும் இல்ல. தண்ணி ஊத்தினது ஏழரைக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சதுதான், அதுல பறவை தப்பிச்சது எங்க திறமை இல்ல.

டப்பா மேல திறக்க வேண்டிய நேரத்தையும் காரணத்தையும் பெரிய எழுத்துல எழுதி ஒட்டணும், வீட்டுல இருக்கிற ஒவ்வொருத்தர்கிட்டயும் காக்காவைப் பத்திச் சொல்லணும். காக்கா கொத்தினதுக்கு அப்புறமாவது கெடுவைத் தள்ளிப் போட்டு டாக்டர்கிட்ட காட்டியிருக்கணும்னு ஒரு ஃப்ரெண்டு சொன்னார், காயம் கண்ணுக்குத் தெரியலன்னா இல்லன்னு ஆகிடாதேன்னு. அவர் சொன்னது சரி, அன்னிக்கு எனக்குத் தோணல.

பால்கனிக் கண்ணாடியில வெளிப்பக்கமா கோலப்பொடி கரைச்சு நாலு விரக்கடைக்கு ஒரு கோடுன்னு அக்கா இழுத்து விட்டாங்க, மழை வந்தா திரும்ப இழுக்கணும், இழுக்கிறாங்க. மத்த வீட்டுல யாரும் பண்ணல.

இப்போ

அடுத்த வருஷம் ஜூலைல ஓனர் மனையில பாதியை வித்துட்டார், ஜேசிபி வந்து ஒரே நாள்ல வேம்பும் ஒரு புங்கமும் போச்சு, இப்ப அங்க பில்லர் எழும்பிக்கிட்டு இருக்கு. மிச்சப் பாதியில அழிஞ்சிலும் புதரும் நிக்குது, எத்தனை நாளைக்குன்னு தெரியல, அதுல அசோசியேஷனுக்கோ எனக்கோ பேச உரிமை இல்ல.

ஓட்டை போட்ட அந்தச் செருப்பு டப்பா செக்யூரிட்டி ரூம் பரண்ல இருக்கு. போன அக்டோபர்ல ஒரு தடவை இறக்கினோம், "சார், ஆறுமணி விழுந்துருச்சு"ன்னு அண்ணன் போன் பண்ணார், போய்ப் பார்த்தா இந்தத் தடவை நிஜமாவே மீன்கொத்தி, லாபி கண்ணாடியில மோதினது, ஒரு மணி நேரத்துல தானா தெளிஞ்சு பறந்துருச்சு.

அவர் விசிட்டர் ரெஜிஸ்டர்ல கடைசிப் பக்கத்துல இருந்து தலைகீழா ஒரு கணக்கு எழுதுறார். மாடி லைட் எத்தனை மணிக்கு அணைச்சார்ங்கிறதுக்கு ஒரு வரிசை. அதுக்குப் பக்கத்துல இன்னொரு வரிசை, பேர் போடுற இடத்துல "ஆறுமணி", நேரம் "5.52", யாரைப் பார்க்க வந்தாங்கன்னு கேக்குற இடத்துல "பின்மனை".